மழை படாத மழைத்தோட்டம்

ஒரு நாள் காலையில் நான்கு பேர் கோவர்த்தனனின் வீட்டு வாசலில் வந்து நின்று, அவர் ஒரு நதியின் பங்குதாரர் என்று சொன்னார்கள்.

நதி, சுவர்ணமுகி. கோவர்த்தனன், திருச்சானூருக்கும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஆட்டோவும், ஓடை வீதியில் ஒன்றரை சென்ட் இடத்தில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் வீடும்தான் அவருக்குச் சொந்தம். நதியிலும் தனக்குப் பங்கு இருப்பது அன்றுதான் தெரியவந்தது.

"எங்க நைனா அப்பிடி ஒண்ணும் எழுதி வெக்கலியே சார்" என்றார்.

வந்தவர்கள் நகர நதி நீர்ப்பிடிப்பு மீட்பு ஆணையத்தைச் சேர்ந்தவர்கள். பரம்பரைச் சொத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. திட்டத்துக்குத் தாழ்வான பகுதியில் வசிக்கும், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட, ஒத்துழைக்கும் மனமுள்ள ஒருவர் தேவைப்பட்டார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. முதல் இரண்டு தகுதியும் ஓடை வீதியில் எல்லோருக்கும் இருந்தது. மூன்றாவது தகுதி, அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஒரே காரணத்தால், கோவர்த்தனனுக்கு வாய்த்தது.

தொண்ணூறுகளில் நகரிப் பக்கம் விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றபோது மனைவி ரத்தினம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்தவர் அவர். அப்போது ஓடை வீதிக்கு மேற்கே ஓர் ஏரி இருந்தது. பிறகு ஊரில் பணம் புழங்கியது, ஏரி மனைகளாயிற்று, மனைகள் அடுக்குமாடிகளாயின. ஏரி போனபின் கட்டிய முதல் அடுக்குமாடிக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்தார்கள். ஏரியில் தங்கியிருந்த தண்ணீர் இப்போது நேராக ஓடை வீதிக்கு வந்தது. வீதியின் கோடியில், மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் வழியாகத்தான் தண்ணீர் வெளியேறி ஆற்றுக்குப் போக வேண்டும். போன ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் வழுக்கி விழுந்து ரத்தினம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருந்தார்கள். முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். வாக்கரைப் பிடித்தால் நான்கு எட்டு வைப்பாள்.

கட்டிலில் இருந்தபடியே அவள் கேட்டாள். "இன்னாய்யா சொல்றாங்க?"

"நம்ம தெரு தண்ணிக்கு வழி பண்றாங்களாம்."

"அப்போ கையெழுத்துப் போடு. கேக்காதயே போடு."

கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு ஓட்டலின் ஏ.சி. அரங்கில் பங்குதாரர் கூட்டம். ஆணையத்தின் இயக்குநர் ஹேமநாத் பேசினார். சத்தியவேடு பக்கத்து ஆள். பத்தொன்பது வருடம் அமெரிக்காவில் மழைநீரைப் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். யார் பேசுவதையும் கேட்கவும் தெரியாதவர்.

"நாம இவ்வளவு நாளா மழைத்தண்ணியை எதிரியா பாத்தோம். சிமெண்ட் கால்வாய் கட்டி வெளிய தள்ளினோம். இனிமே அதை விருந்தாளியா பாக்கணும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உடனே வெளிய தள்ளுவோமா? உக்கார வெப்போம் இல்லையா?"

கோவர்த்தனன் எழுந்தார். "சார், அது ஏற்கெனவே எங்க வூட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கினுதான் கீது."

அரங்கம் கைதட்டியது. "பாத்தீங்களா, மக்கள் தயாராயிட்டாங்க" என்றார் ஹேமநாத்.

பிறகு ஒரு விளையாட்டு. வந்திருந்தவர்கள் எல்லோரும் மழைத்துளிகள். நாற்காலிகளைக் கட்டடங்களாகவும் பச்சைப் பாய்களைப் பசுமை உட்கட்டமைப்பாகவும் வைத்துக்கொண்டு, துளிகள் மேடையிலிருந்து கிளம்பி நதிக்குப் போக வேண்டும். கோவர்த்தனன் கிளம்பினார். அவர் வண்டி ஓட்டுகிறவர்; இடம் கிடைத்த பக்கமெல்லாம் நுழைந்து, இருபது நொடியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வராந்தாவில் நின்றார். பயிற்சியாளர் ஓடிவந்து அவரை உள்ளே அழைத்துப்போய்ப் பச்சைப் பாயில் உட்கார வைத்தார்.

"நீங்க ஓடக் கூடாது சார். ஊறணும்."

சாப்பாட்டு நேரம் வரை அவர் ஊறினார். பக்கத்துப் பாயில் ஊறிக்கொண்டிருந்தவர் அடுக்குமாடிச் சங்கத் தலைவர். ஏரி இருந்த இடத்தைப் பற்றி அவரிடம் கேட்கலாமா என்று கோவர்த்தனனுக்குத் தோன்றியது. ஊறும்போது பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டுக் கொடுத்துக் கேள்வி எழுதச் சொன்னார்கள். 'ஊறாத தண்ணி எந்த வழியா போவும்?' என்று அவர் எழுதினார். அதை வாங்கிய பெண், உடனே பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கென்று வைத்திருந்த ஒரு பலகையில் ஒட்டினாள். பலகையின் பெயர் 'பார்க்கிங்'. ஆட்டோக்காரரான கோவர்த்தனனுக்கு அது புரிந்தது. பார்க்கிங்கில் விட்ட வண்டியை யாரும் தொட மாட்டார்கள்.

சித்திரையில் வேலை ஆரம்பித்தது. ஓடை வீதியின் கோடியில், பாலத்துக்கு இந்தப் பக்கம், மழைத்தோட்டம் வந்தது. மழைத்தண்ணீர் நின்று மண்ணில் ஊறுவதற்காகப் பெரிய தாம்பாளம் மாதிரி ஒரு பள்ளம். அதில் புல், கோரை, கல்வாழை. ஓரத்தில் கிரானைட் பெஞ்சுகள். நடுவில், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு வேகமாக மண்ணில் இறங்குகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு கருவி. தண்ணீர் ஊறாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்காகப் பாலத்தின் வாயை அடைத்து நான்கடிக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள்.

சுவர் எழும்பிய அன்று கோவர்த்தனன் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கினார். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இளநிலைப் பொறியாளர் கலைவாணி, புத்தூர்ப் பெண்.

"இன்னாம்மா, வழியை அடைக்கிறீங்க?"

"இதுல ஒரு பைப் வெக்கணும்ணா. நிறைஞ்சா வழிஞ்சு போறதுக்கு. அது ரெண்டாம் கட்டம்."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"முதல் கட்டம் வெற்றின்னு ரிப்போர்ட் வந்தப்பறம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சுவர் வேணாம்னு நான் எழுதியே குடுத்தேன். திட்ட அறிக்கையில பதினாலாவது இணைப்பா சேத்துட்டாங்க."

"அதை யாராச்சும் படிப்பாங்களா?"

"அறிக்கையே நானூறு பக்கம்ணா" என்றாள் கலைவாணி.

கோடையில் புல் காய்ந்தது. டேங்கர் லாரி வைத்துத் தண்ணீர் விட்டார்கள். புல்வெளி மட்டமாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் ரோடு ரோலரை விட்டு இரண்டு நாள் உருட்டினார். களிமண் தார் ரோடு மாதிரி இறுகிப்போனது. தண்ணீர் விட்டால் மேலேயே நின்று வெயிலில் மின்னியது. போட்டோவில் மிக அழகாக இருந்தது.

திறப்பு விழா ஆவணியில் என்றார்கள். வர வேண்டிய பெரிய மனிதருக்கு நாள் ஒழியவில்லை. புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்தது. விழாவுக்கு முன்பே மழை வந்து தோட்டத்தைச் சேறாக்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை ஆணையத்துக்கு வந்தது. அவசரக் கூட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். திறந்து வைக்கப்படும் வரை மழைத்தோட்டத்தில் மழைநீர் நுழையாமல் பாதுகாக்கப்பட வேண்டும். அதன்படி தோட்டத்தின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்தார்கள். வீதித் தண்ணீர் வராதபடி தெருப்பக்கம் மணல் மூட்டைகளை இடுப்பளவுக்கு அடுக்கினார்கள். கங்கையா என்ற காவலாளியை நியமித்து, கையில் ஒரு விசிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார்கள். தண்ணீரோ மனிதரோ உள்ளே நுழைய முயன்றால் ஊத விசில். யாரும் நுழையவில்லை என்று எழுத நோட்டு.

கோவர்த்தனன் ஆணையத்துக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பங்குதாரர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அந்தக் காலாண்டு அறிக்கையில், 'மக்கள் பங்கேற்பு மும்மடங்காகியது' என்று வந்தது.

கார்த்திகை பிறந்ததும் வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. ஒரு நாள் விடியற்காலையில் பிடித்த மழை பகல் பன்னிரண்டுக்கும் விடவில்லை. கோவர்த்தனன் வண்டியை ரோட்டு மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார். 'லேக் வியூ' பக்கமிருந்து பழுப்பாக வந்த தண்ணீர் வீதியில் இறங்கி, மணல் மூட்டையில் முட்டித் திரும்பி, வீடுகளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. முன்னறையில் கணுக்கால் அளவு. ரத்தினம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"எத்தினி கீதுய்யா?"

"கொஞ்சம்தான்."

"பொய் சொல்லாத. கட்டில் கால் சத்தம் போடுது. எனக்குத் தெரியுது."

கட்டிலின் கால்களுக்கடியில் இரண்டு இரண்டு செங்கல் வைத்தார். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். வண்டி மெயின் ரோடு வரைதான் வரும் என்றார்கள். பக்கத்து வீட்டு மணியம்மாவையும் அவள் மகளையும் அழைத்துத் தூக்கிப் பார்த்தார். ரத்தினம்மா அலறிய அலறலில் மூன்று பேரும் கைவிட்டார்கள். இடுப்பில் பிளேட் வைத்த உடம்பை வளைக்காமல் தூக்க வேண்டும். நெளிந்த கயிற்றுக் கட்டிலோடு தூக்கவும் முடியாது. பத்து நிமிடத்தில் தண்ணீர் செங்கல்லை மூடியது.

ஹேமநாத்துக்கு போன் செய்தார். விஜயவாடாவில், வெள்ளத்தைத் தாங்கும் நகரங்கள் என்ற கருத்தரங்கில் இருந்தார் இயக்குநர். வெளியே வந்து பேசினார்.

"சார், அந்த மூட்டையையும் சுவரையும் எடுக்கச் சொல்லுங்க சார். வூட்டுக்குள்ள வந்துட்டுது. என் சம்சாரம் நடக்க முடியாதவ."

"கோவர்த்தனன் காரு" என்று தெலுங்கு மரியாதையோடு அழைத்தார். "பதட்டப்படாதீங்க. இது ரொம்ப முக்கியமான தகவல். ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க. அளவு தெரியணும்."

"அளவு அவ கட்டில் உயரம் சார்!"

"கட்டில் உயரம் ஸ்டாண்டர்டு அளவு கிடையாதே" என்றார் ஹேமநாத் வருத்தத்தோடு. பின்னால் யாரோ அவரை மேடைக்கு அழைத்தார்கள்.

கோவர்த்தனன் மணியம்மாவை ரத்தினம்மாவின் தலைமாட்டில் நிற்கவைத்துவிட்டு, கூரை ஓரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நடந்தார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சின் மேல் குடையோடு நின்றிருந்தார் கங்கையா. மூட்டைக்குப் பின்னால் மழைத்தோட்டம், ஊரிலேயே அந்த ஓர் இடம் மட்டும், காய்ந்து கிடந்தது.

"வராதண்ணா" என்றார் கங்கையா. "எனக்கு ஆர்டர் கீது. நீ தொட்டா நான் விசில் ஊதணும். எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க. இந்த வேலை போச்சுன்னா..."

"ஊது" என்றார் கோவர்த்தனன். "உன் வேலை ஊதறதுதானே? நல்லா ஊது."

கங்கையா ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குடையைப் போட்டுவிட்டு, இரண்டு கன்னமும் உப்ப ஊதினார். நிறுத்தவே இல்லை. அதுவரை அவரவர் வீட்டில் பண்ட பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்த ஓடை வீதி அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்து பார்த்தது. கோவர்த்தனன் முதல் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். மண்வெட்டியும் பாறைக்கோலும் வந்தன. வெறுங்கையோடும் வந்தார்கள். மூட்டைகள் சரிந்ததும் தண்ணீர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்தது. ஐந்து நிமிடத்தில் தாம்பாளம் நிறைந்தது. ஒரு சொட்டும் ஊறவில்லை. வீதியில் மட்டம் மறுபடி ஏறத் தொடங்கியது.

"சுவரு! சுவரை உடை!" என்று யாரோ கத்தினார்கள்.

மார்பளவு தண்ணீரில் நின்று கடப்பாரையை ஓங்க முடியாது. குத்தத்தான் முடியும். குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் நடுவே வீட்டுப் பக்கம் காது கொடுத்தார். ரத்தினம்மா கூப்பிடுகிறாளா என்று விசில் சத்தத்தில் தெரியவில்லை. எத்தனையாவது குத்தில் முதல் செங்கல் பெயர்ந்தது என்று அவருக்கு நினைவில்லை. ஓர் ஆள் நுழையுமளவு சுவர் பிளந்து தண்ணீர் பாலத்துக்குள் உறுமிக்கொண்டு போனபோது அவரையும் சேர்த்து இழுத்தது. கங்கையாதான் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். வாயில் விசில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் கட்டிலின் கயிற்றைத் தொட்டு, ரத்தினம்மாவின் முதுகை நனைத்துவிட்டு, இறங்கியிருந்தது. அவள் மணியம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"எங்கய்யா போயிட்ட?"

அவர் தரையில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எட்டாம் நாள் ஆணையத்திலிருந்து ஜீப் வந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு என்று நினைத்துக்கொண்டு, மாற்றுத் துணி ஒரு பையில் எடுத்துக்கொண்டு ஏறினார். இயக்குநர் அறையில் ஹேமநாத் அவரைக் கட்டித் தழுவினார். சுவரில் ஒரு வரைபடம் ஒளிர்ந்தது. மலை மாதிரி ஏறி, பாறையிலிருந்து விழுவது மாதிரி இறங்கும் கோடு.

"நாப்பது நிமிஷத்துல நாலடித் தண்ணி! கருவி துல்லியமா காட்டிருக்கு. இவ்வளவு வேகமா ஊறின மழைத்தோட்டம் உலகத்துலயே இல்லை. தில்லிக்கு அறிக்கை போயிடுச்சு."

"சார், அது ஊறல. நான் சுவரை உடைச்சேன்."

"நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க."

"கடப்பாரையால சார். தெருவே பாத்துது."

"கோவர்த்தனன் காரு" என்றார் ஹேமநாத் மென்மையாக. "சுவர் உடைஞ்சிருந்தா தண்ணி ஓடியிருக்கும். அறிக்கையில தண்ணி ஊறியிருக்கு. அதனால சுவர் உடையலை. நான் அறிவியல் படிச்சவன். பாதிக்கப்பட்டவங்களோட அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா தகவலை மறுக்க முடியாது." ஒரு தாளை நீட்டினார். மழைத்தோட்டம் சிறப்பாகச் செயல்பட்டது, சுவர் உறுதியாக உள்ளது என்று பங்குதாரர் சான்றளிக்கும் தாள்.

தாளை வாங்கிக்கொண்டு கோவர்த்தனன் வராந்தாவுக்கு வந்தார். கலைவாணி காத்திருந்தாள். அவள் கண்ணுக்கடியில் கருத்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுடுங்கண்ணா."

"நீயுமா? உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். கேளுங்க. உடைஞ்சிருச்சுன்னு நீங்க எழுதிக்குடுத்தா, ரிப்பேர் எஸ்டிமேட் போடுவாங்க. பதினஞ்சு நாள்ல சுவர் மறுபடி எழும்பிடும். உங்க மேலயும் கங்கையா மேலயும் கேஸ் வரும். உடையலைன்னு எழுதினா, உடையாத சுவரைக் கட்ட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட முடியாது. அந்த ஓட்டை ஆபீஸுக்கு இல்லவே இல்லை. இல்லாத ஓட்டையை யாரு அடைப்பாங்க?"

கோவர்த்தனன் தாளைப் படித்தார். அதில் இருந்த ஒரு வரிகூட உண்மையில்லை. முப்பது வருடத்தில் பயணிகளிடம் ஒரு ஸ்டாப் கூட்டிச் சொல்லிக் காசு வாங்கியதில்லை அவர். சேற்றில் நனைந்த ரத்தினம்மாவின் முதுகு கண்முன் வந்தது. கையெழுத்துப் போட்டார். கலைவாணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

திறப்பு விழா தை மாதம் நடந்தது. ஓட்டைக்கு நேராகப் பெரிய மனிதரின் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கங்கையாவுக்கு, ஒரு துளியும் நுழையாமல் காத்ததற்காகச் சால்வை போர்த்தினார்கள். அடுத்த வருடம் இரண்டு பெரிய மழை பெய்தது. தண்ணீர் தோட்டத்தில் நுழைந்து, இல்லாத ஓட்டை வழியாக ஆற்றுக்குப் போனது. ரத்தினம்மா வாக்கரோடு வாசல் வரை வந்து அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெளியூர்களிலிருந்து குழுக்கள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போயின.

அப்படி வந்த ஒரு குழுவை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும்போதுதான், இதே மழைத்தோட்டத்தை அப்படியே நாயுடுபேட்டையில் ஒரு தெருவில் கட்டப்போவதாகப் பின்சீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் விரித்துக் காட்டிய வரைபடத்தில் சுவர் முழுசாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட பங்குதாரர் சான்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. "இன்னாய்யா துன்னாத கீற?" என்று ரத்தினம்மா கேட்டாள். சொன்னார். அவள், "நாளைக்கு வண்டி எடுக்காத. பஸ் புடி" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாயுடுபேட்டையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார். தாழ்ந்த தெரு. நாலைந்து வீட்டுச் சுவர்களில் போன மழையின் கறை இடுப்பளவுக்கு இருந்தது. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாளின் முன் போய் நின்றார். தெலுங்கில் பேசத் தொடங்கினார். அவள் "யாரு நீங்க?" என்று தமிழில் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"அம்மா, நான் திருப்பதிலேர்ந்து வரேன். ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். அதைப் பத்தி உங்ககிட்ட சொல்லணும்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உக்காருங்க" என்றாள். "தோ, மத்தவங்களையும் கூப்பிடறேன்."